கணக்கெடுத்தோம், இனி?

ஊர் கூடித் தேர் இழுப்பதைத் திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வடத்தைத் தொட்ட கை ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆயினும் தேர் நகர்கிறது. அறிவியலிலும் இப்படிப்பட்ட தேர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அவற்றுள் ஒன்று. ஆனால், இழுத்த தேரை நிலைக்குக் கொண்டுவராமல் பாதி வீதியில் விட்டுச் செல்வது எந்த ஊருக்கும் அழகல்ல. அறிவியல் பயிற்சிப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும் என்பதே எங்கள் கருத்து.

இக்கணக்கெடுப்புக்காக நாம் பட்டறையில் கற்பது எளிய விதிதான். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் கவனித்து, கண்டும் கேட்டும் அறிந்த பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். இடம், நாள், நேரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். அப்பட்டியல், 2002-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘இ-பேர்ட்’ என்னும் உலகப் பதிவேட்டில் சேர்கிறது. வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், அப்பகுதிப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் அதனைச் சரிபார்க்கிறார்.

பட்டறை முடியும்போது கருத்துப் படிவம் தருகிறார்கள். ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் எல்லோரும் குறியிடுகிறோம். சான்றிதழும் குழுப்படமும் கிடைத்ததும் மதிப்பீடு முடிந்துவிடுகிறது. அன்று மனம் மகிழ்ந்ததா என்பதை அப்படிவம் சொல்லும். கற்றது நிலைத்ததா என்பதைச் சொல்லாது. அதனை அறிய மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, நம் பட்டியலை நம்பலாமா? இரண்டு குழுக்கள் வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் கேளாமல் எண்ணட்டும். பின்பு இரு பட்டியல்களையும் ஒப்பிடலாம். வெண்கொக்கு வகைகளில் இரண்டும் மாறுபட்டால், அடுத்த பயிற்சி எதில் வேண்டும் என்பது தானே விளங்கும்.

இரண்டாவது, பட்டியல் முழுமையானதா? காகமும் மைனாவும் எங்கும் உள்ளவைதானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால், பத்துப் பட்டியல்களில் ஒரு பறவை எத்தனையில் இடம்பெறுகிறது என்பதை வைத்தே அது பெருகுகிறதா, குறைகிறதா என்று கணக்கிடுகிறார்கள். அரியவற்றை மட்டும் எழுதினால் எளியவை மறைந்துவிட்டதாகக் கணக்கு பொய் சொல்லும்.

மூன்றாவது, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் எழுதுகிறார்கள்? இதுவே தலையாய கேள்வி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. மயில் பெருகியிருப்பதை அது காட்டியது. மின்கம்பியில் அமர்ந்து நமக்குப் பழகிப்போன பனங்காடை கவலைக்குரிய அளவில் குறைந்து வருவதையும் காட்டியது. சாதாரணப் பறவைதானே என்று எல்லோரும் எழுதாமல் விட்டிருந்தால், அதன் குறைவை யார் அறிந்திருப்பார்?

தொடர்ச்சிக்கு உலகில் நல்ல முன்மாதிரி உண்டு. கிறிஸ்துமஸ் நாளில் கூட்டாகச் சென்று பறவைகளை வேட்டையாடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று 1900-இல் பிராங்க் சாப்மன் அழைத்தபோது வந்தவர்கள் 27 பேர்தாம். அக்கணக்கெடுப்பு நூற்றாண்டைக் கடந்து இன்றும் நடைபெறுகிறது. நம் மாநிலத்திலேயே, திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் தாவரக்கூடத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, சே.ச., பல்லாண்டு உழைத்துத் தமிழகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்தார். பிடுங்கிய இடமும் நாளும் குறிக்கப்படாத செடி வெறும் சருகு. குறிக்கப்பட்டதோ என்றென்றும் சான்று.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்பவர் உண்டு. கூடாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், கண்டதை மட்டும் எழுது, காணாததை எழுதாதே என்னும் ஒழுக்கத்தை இதைவிட நன்றாக எந்தப் பாடம் கற்பிக்கும்? விடியற்காலையில் பெண்பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதும், எல்லார் வீட்டிலும் கைப்பேசி ஓய்வாக இராது என்பதும் மெய்யான இடர்கள். அவற்றுக்கும் வழி உண்டு.

பள்ளி வளாகத்து மரங்களே போதும். வாரம் ஒரு நாள், காலை வழிபாட்டுக்கு முன் 15 நிமிடம் எண்ணுவோம். பறவைகளின் தமிழ்ப் பெயர்களோடு ஒரு பொது நோட்டில் எழுதுவோம். அறிவியல் ஆசிரியை அதனைப் பதிவேற்றட்டும். பருவத்துக்கு ஒரு முறை, நாம் அளித்த கணக்கு என்ன சொல்கிறது என்பது அறிவிப்புப் பலகையில் வரட்டும். தரவு தந்தவருக்கு விடை திரும்பி வராவிட்டால் ஆர்வம் எப்படி நிலைக்கும்? பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் செல்லும் அக்காமார் அந்த நோட்டை எட்டாம் வகுப்புத் தங்கையர் கையில் ஒப்படைத்துச் செல்லட்டும். ஆண்டுதோறும் மாணவியர் மாறும் பள்ளியில் நோட்டாவது மாறாமல் இருக்க வேண்டும்.

மொட்டையாய்க் கிடந்த நம் மலையில் தன்னார்வத் தொண்டர்கள் பல்லாண்டுகளாக மரம் வளர்த்து வருகிறார்கள். மலை பசுமையடைகிறது என்று நாமும் பெருமையோடு பேசுகிறோம். எந்தப் பறவை திரும்பி வந்தது, எது இன்னும் வரவில்லை என்று நாளை ஒருவர் கேட்டால், நினைவிலிருந்து பதில் சொல்லாமல் ஏட்டைப் புரட்டிக் காட்டுவோம். அந்த ஏட்டின் முதல் பக்கத்தை இவ்வாரமே எழுதத் தொடங்குவோம், தோழியரே!