பழி சிக்னலுக்கு, பிழை கரண்டில்!

சுற்றுலாத் தலத்தில் வை-ஃபை படுத்துக்கொண்டால் நம்ம ஊரில் தெரிந்த வைத்தியம் ரெண்டே ரெண்டுதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. சரியாகவில்லையா, இன்னொரு பெட்டியை மாட்டு! இதற்குப் பெயர் பழுது பார்ப்பதா?

சுருளிப்பட்டிக்குப் பக்கத்துச் சுருளி அருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு அக்சஸ் பாயிண்டைச் சங்கிலியாகக் கோர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்தால் முதல் தாவலிலேயே பாதி வேகம் போய்விடும். நனைந்த இலைகள் வேறு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தின்னும். அதே சேனலில் ஐந்தாவது பெட்டி வந்தால் நெரிசல்தான் கூடும்.

இதற்கெல்லாம் அமெரிக்கா போய்ப் படிக்க வேண்டாம். பாடம் தேனியிலேயே இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை சுற்றுவட்டார கண் பரிசோதனை மையங்களோடு நீண்டதூர வை-ஃபையால் இணைத்தது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு. கிராமத்து நோயாளி தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். சாதாரண வை-ஃபை இவ்வளவு தூரத்துக்குத் தோதுப்படாது. 'பதில் வரவில்லை' என்று அவசரப்பட்டு மறுபடி மறுபடி அனுப்பும். அதற்காக நேரத்தைப் பங்கு போட்டு அனுப்பும் முறையை உருவாக்கி 2007-ல் கட்டுரை எழுதினார்கள்.

முக்கியமானது 2008-ல் வந்த அடுத்த கட்டுரை. வலையை ஓட்டிப் பார்த்தபின் அவர்கள் கண்டது: பெரிய வில்லன் ரேடியோ இல்லை, தரமில்லாத மின்சாரம்! வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டன, பாதியில் தொங்கின. எனவே வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் சுற்று, தொங்கினால் தானே மறுபடி கிளப்பும் வாட்ச்டாக், உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சி என்று போனார்கள்.

"அது ஆஸ்பத்திரி, இது அருவி" என்பார்கள். கரண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை போடும் இடம் அது. மேலே இருப்பவர் கீழே தகவல் சொல்ல இந்த வலையை நம்பினால், அது செத்துக் கிடப்பது வெறும் 'யூட்யூப் ஓடவில்லை' சமாச்சாரம் இல்லை.

வரிசை எளிது. முதலில் கரண்ட்; ஒவ்வொரு பெட்டியிலும் வோல்டேஜை அளக்க வேண்டும். பிறகு வயரும் கனெக்டரும். பிறகு வாசல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு தாவலாக பிங். எங்கே அறுகிறதோ அங்கே மட்டும் ஆன்டெனா, கிளை, சேனல் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்கக் காசு இருக்கிறது. ஒரு மல்டிமீட்டருக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பையனின் சம்பளத்துக்கும் மட்டும் இல்லையா?