தவளைக்கு நீல லைட் எதற்கு?

போன மாரி மழையில் எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு மரத்தவளை வந்து ஒட்டிக்கொண்டது. முதுகிலே மணற்கடிகாரம் போன்ற அடையாளம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். உம்மா விளக்குமாற்றைத் தேடுவதற்குள் தம்பி அதைப் பிடித்துப் பழைய மீன்தொட்டிக்குள் விட்டான். அடுத்த நாளே தம்புள்ளையிலிருந்து நீல எல்.ஈ.டி. பட்டியொன்றும் வந்து சேர்ந்தது.

"நிலா வெளிச்சம் மாதிரி இருக்கும் தாத்தா. இருட்டுல அது பயப்படுமே" என்றான்.

இருட்டுக்குப் பயப்படுவது நாங்கள்தான். எங்கள் கண்ணில் மங்கிய ஒளிக்கென இருப்பது ஒரே வகைக் கோல் கலம். தவளைக்கு இரண்டு வகை. ஒன்று பச்சையையும் மற்றது நீலத்தையும் கூடுதலாக உணரும். எங்களுக்கு எதுவுமே தெரியாத கும்மிருட்டிலும் தவளைகள் நிறம் பிரித்தறிவதை, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் இரவு முழுக்க நீல விளக்கு! தம்பியின் முகத்துக்கு நேரே டோர்ச் அடித்துக்கொண்டு தூங்கச் சொன்னால் தூங்குவானா?

தொட்டிக்குள் போட்ட கரப்பான் குஞ்சுகள் மூன்று நாளாக அப்படியே ஓடித் திரிந்தன. பிடிபட்ட பயமும் காரணமாக இருக்கலாம், விளக்கை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 1993இல் புக்கனன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மரத்தவளைகளைச் சோதித்தபோது, வெளிச்சம் கூடியதும் அவை இரையைக் கண்டு பிடித்து உண்பது குறைந்ததாகப் பதிந்திருக்கிறார்.

தம்பியிடம் நல்லதொரு கேள்வி இருந்தது. "அப்படின்னா பாத்ரூம் லைட்டுக்கு அது ஏன் வந்தது?" உண்மைதான். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும். ஆனால் சுவரில் இருக்கிற தவளை வயிறு நிறைந்ததும் கூரை இடுக்குக்குப் போய்விடும். கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது எங்கே போகும்? அதனால்தான் பகலில் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், இரவில் இருட்டு என்பதே தொட்டித் தவளைக்குச் சரி என்கிறேன். பார்க்க ஆசையென்றால் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள். கண் பழகிவிடும்.

காட்டிலும் தோட்டத்திலும் பிடித்துத் தொட்டியில் வைப்பதையே நான் விரும்பவில்லை. அது வேறு கதை.

உம்மும்மா தஹஜ்ஜுதுக்கு எழும்புவார், கண் மங்கல். அதனால் எங்கள் வீட்டுக் குளியலறை விளக்கு விடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் வரும்போது மட்டும் எரியும் பல்ப் ஒன்றை வாங்கித் தரும்படி வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

நான்காம் நாள் இஷாவுக்குப் பிறகு, தம்பியே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வாழையின் கீழே வைத்து மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரம் அது அசையவில்லை. டோர்ச்சை அணைத்தோம். பிறகு பார்த்தால் தொட்டி வெறுமையாக இருந்தது. நீலப் பட்டி இப்போது அவனுடைய படிப்பு மேசையில்.