பருவம் தவறினா பட்டமும் தவறணுமா?

போன ஞாயித்துக்கிழமை காலைல ஊர்ல இருந்து போன். சித்தப்பா பையன். எம்.எஸ்சி. அக்ரி முடிச்சிருக்கான், பயிர் மரபியல். ஒரு பக்கம் பேங்க்ல விவசாய அலுவலர் வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. இன்னொரு பக்கம் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துல நெல்லுல பி.எச்.டி. சீட்டு. "அண்ணே, எதுல சேர்றது? அப்பா பேங்க்குன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு"ன்னான்.

ஹைதராபாத்துல ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு ஊர்ப் பையனுக்குப் புத்தி சொல்றது சுலபம். ஆனா நானும் அதே வழியில போய் அடிபட்டு வந்தவன். அதனால ஒரு நாள் டைம் கேட்டேன். அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல ஒரு கணக்கு. வடக்கே நெல்லுக்கு வருஷத்துல ஒரே பருவம்தான், கரீஃப். ஜூன், ஜூலைல நட்டு, அக்டோபர், நவம்பர்ல அறுப்பு. நுழைவுத்தேர்வு, கவுன்சலிங் எல்லாம் முடிஞ்சு நீங்க சேரும்போது மழைக்காலம் போயிருக்கும். அந்த வருஷம் அவ்வளவுதான். அடுத்த வருஷம் ரெண்டு ரகத்தை ஒட்டுச் சேர்க்கறீங்க. அதுக்கடுத்த வருஷம் முதல் தலைமுறை. மூணாவது வருஷம் ரெண்டாம் தலைமுறை. அப்பதான் செடிக்குச் செடி குணம் பிரிஞ்சு நிக்கும், தேர்வு பண்ற வேலையே அங்கதான் ஆரம்பிக்கும். அதே நேரத்துல உங்க மூணு வருஷ ஃபெல்லோஷிப் முடிஞ்சிருக்கும்! ஒரே சீரா நிக்கிற ரகமாக இன்னும் நாலஞ்சு தலைமுறை வேணும்.

தில்லி பூசா நிறுவனத்துக்காரங்க ஆடுதுறையில ஒரு நெல் ஆராய்ச்சி மையம் வெச்சிருக்கறதும் இதுக்குத்தான். தில்லில குளிர் அடிச்சு நெல் வராத மாசங்கள்ல பாசுமதி விதை காவிரிக் கரைக்கு வந்து இன்னொரு தலைமுறை பார்த்துட்டுத் திரும்பிப் போகும். கோதுமைக்கு அதே மாதிரி நீலகிரில வெலிங்டன். இப்ப விளக்கு வெளிச்சத்துல வளர்த்து கோதுமையில வருஷத்துக்கு 6 தலைமுறை வரைக்கும் எடுக்கறாங்க. ஆனா வறட்சி தாங்குமா, ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு தெரியணும்னா கடைசில வயலுக்கு வந்துதான் ஆகணும்.

அப்ப மூணு வருஷத்துல எப்படித்தான் தீசிஸ் எழுதறாங்க? முன்னாடி வந்தவங்க ஒட்டுச் சேர்த்து வெச்சதை நாம வாங்கிக்கறோம். நாம பண்ணினதைப் பின்னாடி வர்றவங்க வாங்கிக்கறாங்க. ஒடிசாவோட நாட்டு நெல் எஃப்.ஆர். 13ஏ ரெண்டு வாரம் வரை வெள்ளத்துல முழுகிக் கிடந்தாலும் பொழைச்சுக்கும். அந்தக் குணம் எந்தக் குரோமோசோம்ல இருக்குன்னு 1996-ல சொன்னாங்க. மரபணுவையே கண்டுபிடிச்சது 2006-ல. ஆந்திராவோட ஸ்வர்ணா ரகத்துக்குள்ள அதைக் கொண்டுவந்து ஸ்வர்ணா சப்-1னு விவசாயி கைக்குக் குடுத்தது 2009-ல. பதிமூணு வருஷம். எந்தத் தனி மனுஷனோட பி.எச்.டி.யும் அவ்வளவு நாள் ஓடாது.

இனி என் கதை. ரெண்டாவது கரீஃப். வறட்சி தாங்கற நெல்லுக்கான சோதனை, மூணு ரெப்ளிகேஷன். கதிர் பால் பிடிக்கிற சமயத்துல ஒரு ராத்திரி வேலி இடுக்குல நீல்காய்க் கூட்டம் பூந்திருச்சு. காலைல போய்ப் பார்த்தா ஒண்ணரை ரெப்ளிகேஷன் காலி. வேலி ஓட்டையை அடைக்கச் சொல்லி ரெண்டு மாசமா மனு குடுத்துட்டு இருந்தேன், அது தனிக் கதை.

சீனியர் ஒருத்தர் தோள்ல கை போட்டு சொன்னார்: "போன வருஷ நம்பர்ல கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதிடு. யாரு வந்து பார்க்கப் போறா?"

நான் உடனே மறுத்துட்டேன்னு சொன்னா பொய். ரெண்டு ராத்திரி நோட்டைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். எழுதாததுக்குக் காரணம் நான் பெரிய யோக்கியன்ங்கறது இல்லை. என் லைன்ல நல்லா வந்த ரெண்டை அடுத்த பேட்ச் பொண்ணு எடுத்துப் பண்றதா முடிவாகியிருந்துச்சு. நான் பொய் எழுதினா அவளோட மூணு வருஷம் போகும்.

மறுபடி நட்டேன். ஒரு வருஷம் கூடிருச்சு. காலம் நீட்டிச்சுக் குடுத்தாங்க, காசு நீட்டிக்கலை. அம்மா வளையல் அடகுக்குப் போச்சு. அப்பா மட்டும் "வெள்ளத்துல போனா நாம மறுநடவு நடறதில்லையா, அது மாதிரிதான்"னு சொன்னார். இன்னிக்கும் அது காதுல இருக்கு.

இப்ப என் கருத்து. விவசாயிக்கு 2016-ல இருந்து பிரதமரோட பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. அதுல ஆயிரம் குறை சொல்லலாம், ஆனா பயிர் அழியும்ங்கற உண்மையையாவது ஒத்துக்குது. பயிரையே ஆராயற மாணவனுக்கு அது கூட இல்லை. வயல்ல ஆராய்ச்சி பண்ற ஒவ்வொருத்தருக்கும் ஃபெல்லோஷிப்போட ஒரு பருவத்தைக் கையிருப்பா ஒதுக்கணும். வெள்ளமோ, பூச்சியோ, மாடோ பயிரை அழிச்சா, கமிட்டி வந்து வயலைப் பார்த்து எழுதிக் குடுத்ததும் அந்தப் பருவத்துக்கான காசு வரணும்.

"சோம்பேறிங்களுக்கு வசதியாயிடுமே"ன்னு கேப்பீங்க. வயலை நேர்ல பார்த்த பிறகுதானே குடுக்கச் சொல்றேன். அதுவும் ஒரே ஒரு தடவை. இப்ப யாருக்கு வசதியா இருக்கு? ரூம்ல உக்காந்து நம்பர் எழுதறவனுக்கு. அவன் மூணே வருஷத்துல டாக்டர். மறுநடவு நட்டவன் கடன்காரன். அந்தப் பொய் நம்பரை நம்பி விதை வாங்கப் போறது எங்கேயோ இருக்கற ஒரு விவசாயி.

தம்பிகிட்ட இவ்வளவும் சொல்லிட்டு மூணு விஷயம் விசாரிக்கச் சொன்னேன். கைடுகிட்ட ஏற்கெனவே எந்தத் தலைமுறை விதை இருக்கு? ஆஃப் சீசன்ல பயிர் வைக்க இடம் இருக்கா? அவர்கிட்ட யாருக்காவது பயிர் அழிஞ்சப்ப என்ன பண்ணினார்? மூணாவதுக்கு பதிலை கைடுகிட்ட கேக்காதே, அவரோட பழைய மாணவர்கள்கிட்ட கேளுன்னேன். பதில் திருப்தியா இருந்தா தைரியமா சேரு, இல்லைன்னா பேங்க்கும் விவசாயிக்கு உதவற இடம்தான், அதுல ஒண்ணும் கேவலம் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள்ள பேங்க்குக்கு பதில் சொல்லணுமாம். சித்தப்பா இப்ப என்கூடப் பேசறதில்லை :-)

பி.கு.: அக்ரில பி.எச்.டி. பண்ணினவங்க, பண்ணிட்டு இருக்கறவங்க யாராவது படிச்சா, உங்களுக்குப் பயிர் போனப்ப என்ன பண்ணீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போட வேணாம், தம்பி படிப்பான்.