காகிதம் நனைந்தால் உரிமையும் கரைந்துவிடுமா?

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் அரசிடமிருந்து ஓர் அறிவுரைப் பட்டியல் வரும். டார்ச் லைட், மெழுகுவத்தி, குடிநீர், மருந்து என்று நீளும் அந்தப் பட்டியலில் ஆதார், குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ் போன்றவற்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லும் வரியும் தவறாமல் இருக்கும். நல்ல அறிவுரைதான். இதே கட்டுரையின் பிற்பகுதியில் நானும் அதை விரிவாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. எந்த வீட்டில் காகிதம் தொலைந்தால் அது வெறும் அலைச்சல்? எந்த வீட்டில் தொலைந்தால் அது ஒரு தலைமுறையின் இழப்பு?

வசதியான வீட்டின் ஆவணங்கள் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ இருக்கின்றன. பிரதிகள் வழக்கறிஞரிடமும் ஆடிட்டரிடமும் இருக்கின்றன. தொலைந்தாலும் அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர்களின் சாதிக்குச் சான்றிதழே தேவைப்படுவதில்லை. தெருவின் பெயரும் தாத்தாவின் பெயரும் போதும், கதவுகள் திறக்கும். சாதியால் வரும் சலுகைக்குக் காகிதம் வேண்டாம். சாதியால் பறிபோனதைத் திரும்பக் கேட்கும்போதுதான் காகிதம் கேட்கிறார்கள்.

நான் முனைவர் பட்ட ஆய்வாளர். பள்ளிச் சேர்க்கை, விடுதி, கல்லூரி, ஆய்வு உதவித்தொகை என எத்தனை மேசைகளில் என் சாதிச் சான்றிதழை நீட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாக் காகிதங்களும் ஒரு மஞ்சப்பையில், வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கூரை ஒழுகத் தொடங்கினால் அம்மா முதலில் எடுப்பது அந்தப் பையைத்தான். ஒருமுறை சான்றிதழின் மூலையில் ஈரம் பட்டு முத்திரை மங்கிவிட்டது. ஓர் அலுவலகத்தில் அது செல்லாது, புதிதாக வாங்கி வா என்றார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறி இறங்கியதில் அப்பாவுக்கு நான்கு நாள் கூலி போனது. ஒரு மூலை நனைந்ததற்கே இந்த விலை என்றால், வீடே முழுகிய குடும்பத்தின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் நிலத்துக்குத் தெரியும். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது தற்செயல் அல்ல. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறும் கூவமும் கரைபுரண்டபோது முதலில் முழுகியவை ஆற்றோரக் குடிசைகள். தலித்துகளும் உழைக்கும் ஏழைகளும்தான் அங்கே வாழ்ந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற புறநகர்க் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கே வீடு கிடைக்க வேண்டுமானால் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும். வீட்டைக் கொண்டுபோன தண்ணீரே சான்றையும் கொண்டுபோயிருந்தால் யாரிடம் கேட்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு நியாயவிலைக் கடை வழியாக டோக்கன் கொடுத்துப் பணம் வழங்கினார்கள். அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பித்து, வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு குடும்பங்களும் ஒரே தண்ணீரில்தான் நின்றன. ஒரு குடும்பத்துக்கு உடனே, இன்னொன்றுக்குப் பிறகு.

அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மழைக்குப் பிறகும் சிறப்பு முகாம்கள் நடத்திச் சான்றிதழ்களின் நகல்களைக் கட்டணமில்லாமல் வழங்கினார்கள். வரவேற்கிறோம். நினைத்தால் அலைச்சல் இல்லாமலும் காகிதம் தர முடியும் என்பதை அரசே நிரூபித்துவிட்டது. அப்படியானால் மற்ற நாள்களின் அலைச்சல் யாருக்காக?

இனி, காகிதமே இல்லாதவர்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழும் இருளர் குடும்பங்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் பெறுவது இன்றும் போராட்டம்தான். வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டிய அந்தத் தாளுக்காக, அப்பாவின் சான்றிதழ் எங்கே, தாத்தாவின் சான்றிதழ் எங்கே என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளின் படிப்பை முடித்துவைக்கிறார்கள். 2021 நவம்பர் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் செங்கல்பட்டு மாவட்டம் பூஞ்சேரிக்கே சென்று இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தது பெரிய செய்தியானது. ஒரு குடிமகனின் கைக்குக் காகிதம் போய்ச் சேர முதலமைச்சரே வர வேண்டியிருந்தது என்பதும் அந்தச் செய்திக்குள் இருக்கிறது. ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள் என்ற அறிவுரை இவர்களிடம் போகும்போது என்ன பொருள் தருகிறது? இல்லாத காகிதத்தை எந்தப் பையில் போடுவது?

தண்ணீராவது வானிலை அறிக்கை சொல்லிவிட்டு வரும். நம் மக்கள் வீட்டைவிட்டு ஓடியது தண்ணீருக்கு மட்டுமல்ல.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். வெளிநாட்டில் உழைத்த பணத்தில் தலைநிமிர்ந்த தலித் கிராமம் அது. வீட்டுப் பொருள்களை உடைத்ததோடு நிற்கவில்லை. இளைஞர்களின் பாஸ்போர்ட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வயல்காட்டுக்கு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது, பிள்ளைகளின் சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் சாம்பலாகக் கிடந்தன. தாக்க வருகிறவனுக்கு எது நம் சொத்து என்று நன்றாகத் தெரிகிறது. ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்வோம். படித்ததற்கான சாட்சி எரிந்தால்?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நிற்க வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். வீட்டைக் கொளுத்தியவன் அந்தச் சான்றையும் சேர்த்தே கொளுத்திவிடுகிறான்.

நிவாரணத்தில் சாதி எப்படி நுழையும் என்பதை 2004 சுனாமி காட்டியது. நாகப்பட்டினம் பகுதியில் முகாம்களிலும் பொருள் விநியோகத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகும் வலையும் சொந்தமில்லாத கூலித் தொழிலாளர்கள் ‘பாதிக்கப்பட்டவர்’ பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, இழப்பீடு, நிவாரணம் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. முகாமில் ஒரு தட்டுச் சோற்றுக்கும் ஒரு போர்வைக்கும் ஆதார் எண் கேட்கும் ஊழியரிடம் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். காகிதம் உள்ளவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட நாட்டில், காகிதம் இருந்தால்தான் சோறு என்பதும் பாகுபாடுதான்.

நிலைமை மாறும்வரை என்ன செய்வது? பையைத் தயார் செய்வோம். இதைத் தனித்தனி வீட்டு வேலையாக அல்ல, தெருவின் வேலையாகச் செய்வோம் தோழர்களே. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நம்மில் படித்த நான்கு பேர், இரண்டு நல்ல போன்கள், ஒரு நோட்டு.

முதலில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுங்கள்: குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பட்டா, மாற்றுத்திறனாளி அட்டை, ஓய்வூதிய ஆணை. இல்லாதவற்றுக்கு மழைக்கு முன்பே கூட்டாக மனு கொடுங்கள். இருப்பவற்றைத் தெளிவாகப் படமெடுத்து அவரவர் போனிலும், அவரவர் மின்னஞ்சலிலும் சேமியுங்கள். ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அசல்களை ஒரே ஆளிடம் குவிக்கவும் வேண்டாம்.

டிஜிலாக்கரில் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். வெளியிட்ட துறையிலிருந்தே அதில் வந்து சேரும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு இணையானது. நாமே படமெடுத்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி இல்லை. இங்கே ஒரு சிக்கல் வரும். ஆதாரில் இணைத்த செல்போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்தான் பல வீடுகளில் இணைந்திருக்கிறது. அதை மாற்றுவதே முதல் வேலை. போனும் நனையும், சார்ஜும் தீரும் என்பதால் முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதி, உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள். பட்டா எண்ணோ சர்வே எண்ணோ தெரிந்தால் பட்டாவை இணையத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அசல்களை ஜிப் வைத்த கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள்.

பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். பையை எடுக்க முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வர வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போகக்கூடாது. போன உயிருக்கு எந்தத் தாசில்தாரும் நகல் தர முடியாது.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. முகாமில் சேர்வதற்கும் உணவுக்கும் மருத்துவத்துக்கும் எந்த ஆவணமும் கேட்கக்கூடாது. நிவாரணத் தொகைக்கு, அட்டை இல்லாத குடும்பங்களை ஊரார் முன்னிலையில் விசாரித்துச் சேர்க்க வேண்டும். தொலைந்த சான்றிதழ்களுக்கான முகாம் வெள்ளத்துக்கு மட்டுமல்ல, சாதி வன்முறைக்குப் பிறகும் சில நாள்களுக்குள் அந்தக் குடியிருப்பிலேயே நடக்க வேண்டும். கையால் எழுதித் தந்த பழைய சாதிச் சான்றிதழ்களை அரசே தன் செலவில் கணினியில் ஏற்றித் தர வேண்டும். இருளர் உள்ளிட்ட பழங்குடிகளுக்கான சான்றிதழ்களை மழைக்கு முன் வீடு தேடிச் சென்று கொடுக்க வேண்டும்.

ஒரு பிரதி நம்மிடம் இருப்பது நம் முன்னெச்சரிக்கை. அசல் பதிவைக் காப்பது அதை வெளியிட்ட அரசின் கடமை. நம் பிள்ளை பள்ளியில் படித்ததற்கும், நம் குடும்பம் அந்தக் கரையில் வாழ்ந்ததற்கும் சாட்சி அரசின் பதிவேடுகளில்தான் இருக்கிறது. அதைத் தேடி எடுத்துத் தர வேண்டிய வேலையை, நனைந்த உடையோடு முகாம் வாசலில் நிற்கும் மனிதரின் தலையில் ஏற்றாதீர்கள்.