சாலையும் நம் கடமையும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும், 1968-ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவிலின் செம்மண் வழிகளும், வண்டியிற் செல்வோர்க்கே அன்றி நடப்போர்க்கும் உரியன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுதலைத் தண்டிக்கிறது. 127-ஆம் பிரிவோ, பொதுவிடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியை அகற்றுவிக்கப் போலீஸாருக்கு அதிகாரமளிக்கிறது. எனினும், கண்டவர் வாளாவிருப்பின் சட்டம் யாது செய்யும்? இருளில் விளக்கின்றி நிற்கும் லாரி, விரைந்து வருபவனுக்கு யமனேயன்றோ?

புகார் செய்தல் கோட்சொல்லுதல் ஆகுமெனச் சிலர் நாணுவர். கோள் பிறரைக் கெடுக்க எழுவது; இஃதோ உயிர் காக்க எழுவது. ஆதலின், வண்டியின் எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்து, கண்டதைக் கூட்டாது குறையாது, அபாயமாயின் 112-க்கும், கைவிட்ட வண்டியாயின் காவல் நிலையத்திற்கும் அறிவித்தல் வேண்டும். மாணவ நண்பர்காள்! அயலானிடத்து அன்பு சாலையிலும் விளங்குக.