அரிசியைப் பார்க்கும் கண்

பி.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

சென்ற பருவத்தில் ஒரு நாள், ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சி.சி.டி. என்னும் சில்லைப் பற்றிப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்தனர் என்றும், நாற்பது ஆண்டுகள் கழித்து 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர் என்றும் கூறினார். வகுப்பில் பலருக்கு விண்வெளித் தொலைநோக்கி நினைவுக்கு வந்திருக்கும். எனக்கோ எங்கள் ஊர் அரிசி ஆலைதான் நினைவுக்கு வந்தது.

'சார்டெக்ஸ் அரிசி' என்று மூட்டைகளில் அச்சிட்டிருப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். அது நெல் வகையன்று. இங்கிலாந்தில் தோன்றிய ஒரு யந்திர நிறுவனத்தின் பெயர். நிறம் பார்த்துத் தானியம் பிரிக்கும் யந்திரத்தை எவர் செய்தாலும், நம் பக்கத்தில் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அதன் வேலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தேன். அரிசி ஒரு சரிவில் வழுக்கி விழுகிறது. ஒரு மீட்டர் உயரம் தடையின்றி விழும் பொருள் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகம் பெறும். உராய்வைக் கழித்து 4 என்றே வைத்துக்கொள்வோம். காமிரா பார்க்கும் இடத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே காற்றுக்குழல்களின் வாய்கள் இருப்பதாகக் கொண்டால், யந்திரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 12 மில்லி வினாடி. அதற்குள் மணியைப் படமெடுத்து, நிறத்தை அளந்து, கறுப்பென்று தீர்மானித்து, வால்வைத் திறந்து, அந்த ஒரு மணியை மட்டும் காற்றால் தள்ள வேண்டும். படம் மங்காமல் இருக்க ஒளி படும் நேரம் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். படத்தை எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால் அரிசி மூட்டைக்குள் போய்விடும்! ஆகவே பார்க்கும் கண்ணும் தீர்மானிக்கும் மூளையும் யந்திரத்துக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன. (வெள்ளைக் கல் மட்டும் சாதாரணக் காமிராவை ஏமாற்றிவிடும். அதற்கு எடை வேறுபாட்டால் கல் நீக்கும் யந்திரம் முன்னதாகவே தனியாக உண்டு.)

இனி என் வழக்குக்கு வருகிறேன். என் தாயார் அந்த ஆலையில் பன்னிரண்டு ஆண்டுகள் அரிசி பொறுக்கியவர். முறத்தின் முன் குனிந்தே இருந்து இடுப்பு வலியும் கண்ணெரிச்சலும் கண்டவர். அந்த வேலை போனதற்காக நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. விஞ்ஞானம் படிக்கும் எவரும் அந்த முறத்தை மீண்டும் ஒரு பெண்ணின் மடியில் வைக்க விரும்பமாட்டார்.

ஆனால் 2016-இல் யந்திரம் வந்த நாளில் நடந்ததைக் கேளுங்கள். அதனைப் பொருத்த வந்தவர் ஒரே பகலில் அளவுகளைத் திருகி வைத்துவிட்டுப் போனார். எதைக் கழிவு என்பது, எதை விடுவது என்று ஆறு பெண்களில் ஒருவரிடமும் எவரும் கேட்கவில்லை. கழிவு மூட்டை நிறைந்தது. தாயார் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "செவ்வரி ஓடினதைக்கூடத் தள்ளிடுச்சே, வெந்தா இது தெரியவே தெரியாதே" என்றார்களாம். செவ்வரி என்பது தீட்டலில் மிஞ்சிய தவிடு; சத்துள்ள பகுதி. அந்த மூட்டைகள் மாட்டுத் தீவனத்துக்குப் போயின. நால்வருக்கு வேலை இல்லையென்றாயிற்று. தாயார் சாக்கு தைக்கப் போனார்கள்.

யந்திரம் குற்றவாளியா? இல்லை. அது நிறத்தை அளந்தது, அவ்வளவே. எந்த நிறம் குற்றம் என்று வரையறுப்பது அளவீடு அன்று, தீர்ப்பு. பளபளக்கும் வெள்ளைதான் நல்ல அரிசி என்று நாம் கடையில் கேட்பதும் அத்தீர்ப்பில் ஒரு பங்கு. இன்று படங்களைப் பார்த்துத் தாமே கற்கும் காமிராக்கள் வந்துவிட்டன. அவற்றுக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் 'இது நல்லது, இது சொத்தை' என்று முதலில் ஒருவர் குறித்துத் தர வேண்டும். யோசித்துப் பார்த்தால் அதுவும் அரிசி பொறுக்குகிற வேலைதான்! அந்த வேலைக்கு உரியவர்கள் முறம் பிடித்தவர்களே. கூலியும் அவர்களுக்கே சேர வேண்டும் என்பது என் கட்சி.

நம் துறைக்கும் ஒரு விண்ணப்பம். 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரும் ஒரு சிறு காமிராவும் இருந்தால், விழும் அரிசியை அல்லாவிட்டாலும் தட்டில் பரப்பிய அரிசியைப் பிரித்தறியும் கருவியை நம் ஆய்வகத்திலேயே செய்யலாம். அடுத்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு அதைச் செய்ய மூவர் முன்வந்திருக்கிறோம். மாதிரிக்கு வேண்டிய அரிசியில் ஒரு படியை நல்லது, கறுப்பு, செவ்வரி என்று தனித்தனியே பொறுக்கித் தருவதாகத் தாயார் சொல்லியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்க வேண்டுமாம்.