தூங்க வைக்கும் சிரப்பும் நிற்காத வலிப்பும்

மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. மருந்தில் இருக்கவே கூடாத நஞ்சு அது. எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அதே சிரப்பின் லேபிளில் முறைப்படி அச்சிட்டிருந்த ஒரு பெயரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. குளோர்ஃபெனிரமின் மேலியேட் என்ற அந்த மருந்து, கலப்படமே இல்லாத நூற்றுக்கணக்கான சளி சிரப்புகளிலும் இருக்கிறது. அளவு மீறினால் அதுவும் அதன் வகையறாக்களும் குழந்தையை வலிப்பில் தள்ளும், வந்த வலிப்பை நீடிக்கவும் வைக்கும். நம் கட்டுப்பாடுகள் கலப்படத்தையும் கூட்டுக் கலவைகளையும் துரத்துகின்றன. இந்த மருந்துக் குடும்பத்தைத் தனியே எடுத்து அவை இன்னும் பார்க்கவில்லை என்பதே என் குறை.

இந்த மருந்துகள் தடுப்பது ஹிஸ்டமைனை. அந்தப் பெயரைக் கேட்டதும் அரிப்பும் தும்மலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். மூளைக்குள் அதன் வேலை வேறு. ஹைபோதலாமஸில் உள்ள சில நரம்பணுக்கள் அதைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கின்றன. ஹெச்1 என்னும் ஏற்பிகள் வழியாக வலிப்பை அடக்கிவைப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்று விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின், புரோமெதசின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைச் சுலபமாகக் கடந்து அந்த ஏற்பிகளில் போய் உட்காருகின்றன. இதை ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் கசுஹிகோ யனாய் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம் அளந்தே காட்டினார்கள். வழக்கமான அளவில் கொடுத்தாலே குளோர்ஃபெனிரமின் மூளையின் ஹெச்1 ஏற்பிகளில் பாதியளவைப் பிடித்துக்கொள்கிறது. பிந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஃபெக்ஸோஃபெனடின் அந்தப் பக்கம் போவதே இல்லை எனலாம். “மருந்து குடிச்சதும் பிள்ளை அசந்து தூங்கிடுச்சு” என்று வீட்டில் நிம்மதியாகச் சொல்வார்கள். தூக்கத்தைத் தந்த அதே தடை, வலிப்புக்கு எதிரான காவலையும் தளர்த்தியிருக்கக்கூடும்.

அளவு மீறுவதற்குப் பெரிய அலட்சியம் ஒன்றும் தேவையில்லை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 2 மி.கி. குளோர்ஃபெனிரமின் இருக்கும். சிரப்பாக வரும்போது பெரும்பாலும் 5 மி.லி.க்குத்தான் 2 மி.கி. மூத்த பிள்ளைக்குச் சிரப்பை மூடியில் ஊற்றிப் பழகிய கை, கைக்குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தையும் அதே 5 மி.லி. மூடியில் ஊற்றினால் 10 மி.கி. உள்ளே போய்விடும். பாலாடையில் கொடுக்கும் வீடுகளில் அளவுக்கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. சளிக்கு ஒரு டாக்டர், இருமலுக்கு மெடிக்கல் ஷாப்காரர் என இருவர் கொடுத்த இரண்டு பிராண்டுகளுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்துதான் என்பது தாய்க்கு எப்படித் தெரியும்? அமெரிக்க நஞ்சு மையங்களின் வழிகாட்டுதலின்படி, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை எடைக்கு ஒரு கிலோவுக்கு 7.5 மி.கி. டைஃபென்ஹைட்ரமின் விழுங்கியிருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பத்து கிலோ குழந்தைக்கு அது வெறும் 75 மி.கி.

அளவு மீறிய மருந்தால் வரும் வலிப்பின் தன்மையே வேறு. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை; அரை மணி நேரம் நீடித்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் ஏற்படலாம். நஞ்சால் வரும் வலிப்பு, ரத்தத்தில் மருந்து இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரலாம். டாக்டரையே குழப்பும் அறிகுறிகளும் கூடவே உண்டு. நரம்புகளின் செய்தியைக் கடத்தும் அசெட்டில்கோலினையும் இந்த மருந்துகள் தடுப்பதால் குழந்தையின் தோல் வறண்டு சிவக்கும், கண்மணி விரியும், உடல் சுடும், பிதற்றல் வரும். காய்ச்சல், பிதற்றல், ஃபிட்ஸ் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிப்பதுதான் இயல்பு. லோரசெபாம், மிடசோலம் போன்ற மருந்துகளுக்கு வலிப்பு அடங்காவிட்டால் அடுத்ததாக ஃபெனிடாயின் ஏற்றுவது வழக்கம். டைஃபென்ஹைட்ரமினோ இதயத்தின் சோடியம் வழிகளை அடைப்பது. ஃபெனிடாயினும் அதே வழிகளை அடைப்பதுதான். இந்த இடத்தில் அதனால் பயன் குறைவு, கெடுதல் வாய்ப்பு அதிகம். ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். அலை அகன்றிருந்தால் கொடுக்க வேண்டியது சோடியம் பைகார்பனேட். பெற்றோர் “சும்மா சளி மருந்துதான் கொடுத்தோம்” என்று சொல்லாமல் பாட்டிலையே கையில் கொண்டுவந்தால் இந்த முடிவை எடுக்க வசதியாக இருக்கும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் போகும் நிமிடங்கள் அந்தப் பாட்டிலைத் தேடி எடுப்பதில் போகட்டும்.

இதெல்லாம் அளவு மீறினால்தானே, சரியான அளவில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. அங்கும் பதில் முழு ஆறுதலாக இல்லை. 2024இல் வெளியான தென்கொரிய ஆய்வு, வலிப்புக்காக அவசரப் பிரிவுக்கு வந்த 11,729 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் அதன் முந்தைய நாட்களோடே ஒப்பிட்டது. முதல் தலைமுறை மருந்து எழுதப்பட்ட காலத்தில் வலிப்பு வாய்ப்பு 22 விழுக்காடு கூடியிருந்தது. 6 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் ஏறக்குறைய 49 விழுக்காடு. சளியும் காய்ச்சலும் இருந்ததால்தானே மருந்து எழுதினார்கள், வலிப்புக்குக் காய்ச்சலே காரணமாக இருக்கலாமே என்ற மறுப்பு வலுவானது. இந்த வகை ஆய்வு அந்த ஐயத்தை முழுதாக நீக்காது. ஆனால் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளையே தமக்குள் ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வுகள், தூக்கம் தரும் இந்த மருந்துகளைக் குடித்திருந்தவர்களின் வலிப்பு கூடுதல் நேரம் நீடித்ததைக் கண்டன. அங்கே எல்லோருக்கும் காய்ச்சல் இருந்தது. ஏற்கெனவே காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி ஜப்பானியக் குழந்தை நரம்பியல் சங்கம் 2015இலேயே வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. சளியைக் குணமாக்காத ஒரு மருந்துக்காக அவர்களிடம் சிறு ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும்?

இந்தியாவிலும் அசைவு இல்லாமல் இல்லை. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இயக்ககம் 2023 டிசம்பரில் ஆணையிட்டது. சிந்துவாராவுக்குப் பிறகு, இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்றது மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம். முதலாவது ஒரு கலவையைப் பற்றியது, இரண்டாவது வெறும் அறிவுரை. பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கை, பாலாடையைக் கையில் பிடித்திருப்பவருக்கு எந்த வகையில் உதவும்?

டாக்டர் எட்டாத ஊரில் ஏழைத் தாய் வேறு என்னதான் கொடுப்பாள் என்பது கடைசி மறுப்பு. அலட்சியப்படுத்தக் கூடாத மறுப்பும்கூட. சளிக்கு உப்பு நீர் மூக்குச் சொட்டும் தாய்ப்பாலும், ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு இருமலுக்குத் தேனும், காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமாலும் போதும். எதுவும் விலை அதிகமானதல்ல. உண்மையான அலர்ஜி என்றால் டாக்டர் எழுதித்தர அடுத்த தலைமுறை மருந்துகள் இருக்கின்றன, அவற்றுக்கும் அளவு உண்டு என்ற நினைவோடு. தடையைவிடச் சுலபமான ஒரு திருத்தம் சொட்டு மருந்தின் செறிவை மாற்றுவது. அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கான செறிவான பாராசிட்டமால் சொட்டுகளால் அளவுக் குழப்பம் தொடர்ந்தபோது, 2011இல் தயாரிப்பாளர்களே முன்வந்து, குழந்தைகளுக்கான திரவங்கள் அனைத்தையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கூடவே ஊசியில்லாத சிரிஞ்சையும் பெட்டிக்குள் வைத்தார்கள். நம் கம்பெனிகள் அப்படித் தாமாக முன்வராவிட்டால், உரிமத்தின் நிபந்தனையாகவே அதைச் சேர்க்கலாம்.